அப்பாவுக்கு இதய வயது முப்பத்தெட்டு

பாசிர் ரிஸ்
12 ஜனவரி 2025

அக்கா,

கம்பிக்கு அந்தப் பக்கம் உன் முகத்தைப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை. மாதத்துக்கு ஒரு முறை கன்னியர் மடத்துப் பார்வையாளர் அறையில் உட்கார்ந்து, யாரோ ஒருத்தன் மாதிரி, "சாப்பாடெல்லாம் நல்லா இருக்கா?" என்று கேட்க என்னால் முடியாது. அப்பா வந்து பார்க்கட்டும். நான் எழுதுகிறேன். உனக்குப் போன் கிடையாது, ஈமெயில் கிடையாது. எம்ஆர்டி ரயிலில் ஏறினால் வந்துவிடக்கூடிய தூரத்தில் இருப்பவளுக்குத் தபால்தலை ஒட்டிக் கடிதம் போடுகிறவன் இந்தத் தீவில் நான் ஒருவன்தான்.

அம்மா செத்து ஒரு வருஷம் முடிவதற்குள் நீ மடத்துக்குப் போனாய். அதைப் பற்றி மறுபடி ஆரம்பிக்கப் போவதில்லை. இது வேறு.

அப்பாவின் பஸ் கம்பெனியில் புதிதாக ஒன்று கொண்டுவந்திருக்கிறார்கள். அறுபது தாண்டிய டிரைவர்கள் எல்லாரும் கையில் கடிகாரம் கட்ட வேண்டும். நாமெல்லாம் ஓடும்போது கட்டுவது மாதிரி. எவ்வளவு நடந்தார், நாடி எப்படி, எப்படித் தூங்கினார் எல்லாம் அதிலிருந்து அவர் போனுக்குப் போகும். போனிலிருந்து ஒரு மதிப்பெண் மட்டும் கம்பெனிக்குப் போகும். பச்சை, மஞ்சள், சிவப்பு. பிப்ரவரியில் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது சிவப்பில் இருப்பவருக்கு வேலை இல்லை. 'உங்கள் நலனுக்காக' என்று நான்கு மொழிகளில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். நாள் முழுக்க ஸ்டியரிங் முன்னால் உட்காரவைப்பது அவர்கள். ஏன் நடக்கவில்லை என்று கேட்பதும் அவர்கள்.

அப்பா சிவப்பு. வேறு எப்படி இருப்பார்? வேலை போனால் அவர் என்ன ஆவார் என்று உனக்குத் தெரியும். அம்மா போன பிறகு அவரைக் காலையில் எழுப்புவது அந்த பஸ் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை ஓஃபிர் ரோட்டுக் கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்து வந்தால் மீதி நாள் முழுக்க சோபாவில் கிடக்கிறார். தினமும் ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டால்?

நீ மடத்துக்குப் போகும்போது உன் கடிகாரத்தை அலமாரியில் கழற்றி வைத்துவிட்டுப் போனாய். திட்டம் வந்த அன்றே அதை எடுத்து அப்பாவின் போனோடு சேர்த்துக் கொடுத்தேன். சிவப்பு காட்டியது அதுதான். இப்போது அவர் தூங்கும்போது அவர் கட்டுகிறார். நான் ஓடும்போது நான் கட்டுகிறேன். இடது கையில் என்னுடையது, வலது கையில் அப்பாவுடையது. எங்கள் ஓட்டக் கூட்டம் ஃபேரர் பார்க் மைதானத்தில் கூடுகிறது. அங்கே அதீஃப் என்று ஒருத்தன், வாய் சும்மா இருக்காது. என் இரண்டு கையையும் பார்த்துவிட்டு, "என்னா பிரதர், ஒரு கையில சிங்கப்பூர் டைமு, ஒரு கையில மெட்ராஸ் டைமா?" என்றான்.

அப்பா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "இது பொய்ச் சாட்சி லா, வேய்ன்," என்றார். "நீங்க எங்க சாட்சி சொல்றீங்க? நான்தானே ஓடுறேன்," என்றேன். கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார்.

மஞ்சளுக்கு வந்துவிட்டார். உனக்குத் தெரியட்டும் என்று எழுதினேன். ஆசீர்வாதம் அனுப்ப வேண்டாம்.

வேய்ன்

*

26 ஜனவரி 2025

வேய்ன்,

உன் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். ஆசீர்வாதம் கேட்டாலும் தர மாட்டேன். இது மடத்தனம்.

நான் இங்கே வருவதற்கு முன்னால் ஏழு வருஷம் எங்கே வேலை பார்த்தேன் என்பதை மறந்துவிட்டாயா? அவசரப் பிரிவில் நர்ஸாக இருந்தேன். சிவப்பு என்று வந்தால் அங்கே யாரும் அதன்மேல் பச்சை பூச மாட்டோம். அப்பாவின் அண்ணன்கள் இரண்டு பேருமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் போனார்கள். அந்தக் கடிகாரம் அவரைச் சிவப்பு என்றது என்றால், அது அவரைப் பற்றிச் சொன்ன உண்மை அது ஒன்றுதான். அதற்குப் பிறகு அது சொல்வதெல்லாம் உன்னைப் பற்றி.

அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ. கம்பெனி டாக்டரிடம் இல்லை, வெளியே. நடக்கவிட்டு இதயத்தைச் சோதிப்பார்கள். ஒரு காலைப்பொழுது போதும்.

நான் ஓடின நாட்களை நினைத்துப் பார்க்கிறேன். ஓடி முடித்ததும் நமக்கு மூச்சு வாங்குகிறதா, கால் வலிக்கிறதா என்று பார்க்க மாட்டோம். கையைத்தான் பார்ப்போம். அது நன்றாக ஓடினாய் என்றால் சந்தோஷப்படுவோம். நம் உடம்பு எப்படி இருக்கிறது என்று வேறு யாரோ சொல்லிக் கேட்டுக்கொள்கிற பழக்கம் நம் எல்லாருக்கும் வந்துவிட்டது. உனக்கு என்னைவிட அதிகம்.

நான் அவரை விட்டுவிட்டு வந்தேன் என்பது உண்மை. அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது, ஆனால் நீ கேட்க விரும்பும் பதில் இல்லை. அதனால் எழுதவில்லை.

ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் எங்களுக்குக் கடிதம் வரவும் கூடாது, போகவும் கூடாது. வருகிறவற்றை வாங்கி அலமாரியில் வைத்துவிடுவார்கள். பார்க்க வருகிறவர்களும் கிடையாது. அதற்கு முன்னால் எழுதிவிடு. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வாசலில் இருக்கும் சகோதரிக்குப் போன் செய்யலாம். எண் அப்பாவிடம் இருக்கிறது.

ஆஸ்பத்திரி. மறந்துவிடாதே.

லொரைன்

*

பாசிர் ரிஸ்
16 பிப்ரவரி 2025

அக்கா,

பச்சை. ஒப்பந்தம் இன்னும் ஒரு வருஷத்துக்குக் கிடைத்துவிட்டது. அன்றைக்கு அப்பா வரும் வழியில் தேக்கா மார்க்கெட்டில் இறங்கி மட்டன் வாங்கிக்கொண்டு வந்தார். அம்மா போன பிறகு அவர் கறி வாங்கியது இதுதான் முதல் தடவை. அவரே சமைத்தார். உப்பு அதிகம். இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன்.

அந்த ஆப் இன்னொன்றும் சொல்கிறது, இதய வயது என்று. அப்பாவுக்கு முப்பத்தெட்டாம். அதைப் போனில் திறந்து டிப்போவில் எல்லாருக்கும் காட்டியிருக்கிறார். சின்னத்தம்பி அங்கிள் ஞாபகம் இருக்கிறதா, நம் அடுக்குமாடி புளோக்கிலேயே இருப்பவர்? அவருக்குச் சிவப்பு. போனால் போகிறது என்று ஆறு மாதத் தவணை கொடுத்திருக்கிறார்கள். அவர் அப்பாவிடம், "அண்ணே, என்னாதான் சாப்புடுறீங்க? சொல்லுங்க லா!" என்று கேட்டிருக்கிறார். அதற்கு அப்பா, "சாப்பாட்டுல என்னா இருக்கு, எல்லாம் ஓட்டம்தான்," என்றாராம். இதை என்னிடம் சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தச் சிரிப்புக்காக நான் மூன்று கடிகாரம் கட்டிக்கொண்டுகூட ஓடுவேன்.

ஆனால் ஒன்று நடந்திருக்கிறது. பச்சையில் இருப்பவர்களைப் பிரித்து எடுத்து துவாஸ் தொழிற்பேட்டை வேலைக்குப் போட்டுவிட்டார்கள். விடுதிகளிலிருந்து ஊழியர்களை விடியற்காலையில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். நடுவில் வீட்டுக்கு வந்து படுக்கலாம். தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, தினமும் இரண்டு தடவை. வயதானவர்களுக்கு அந்த வேலை கொடுக்கக்கூடாது என்று முன்பு இருந்தது. இப்போது வயதைப் பார்ப்பதில்லை, இதய வயதைத்தான் பார்ப்பார்களாம்.

நான் நன்றாக ஓடினேன். அதனால் வந்தது இது.

போய் மறுக்கச் சொன்னேன். "முப்பத்தெட்டு வயசுக்காரன் முடியலைன்னு எப்படிச் சொல்றது?" என்கிறார். விளையாட்டுக்குச் சொல்கிறாரா, நிஜமாகவா என்று தெரியவில்லை. மத்தியானம் சோபாவில் படுத்துக்கொண்டு அந்த ஆப்பைத் திறந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார். அதில் ஒரு மனிதன் இருக்கிறான் அக்கா. என் நுரையீரலும் அப்பாவின் தூக்கமும் சேர்ந்த ஒருத்தன். அப்படி ஒருத்தன் எங்கேயும் இல்லை. ஆனால் அவன் எங்கள் இரண்டு பேரையும்விட நன்றாக இருக்கிறான்.

ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். ஒப்பந்தம் கிடைத்த முதல் மாதத்திலேயே லீவு போட்டால் என்ன நினைப்பார்கள் என்கிறார். ஏப்ரலில் போகலாம் என்றிருக்கிறேன்.

வேய்ன்

*

பாசிர் ரிஸ்
5 மார்ச் 2025

அக்கா,

நீ நர்ஸாக இருந்ததால் இதைக் கேட்கிறேன். உடனே பதில் போடு.

அப்பாவுக்குப் பல் வலி. கீழ்த் தாடை, இடது பக்கம். இரண்டு வாரமாக இருக்கிறது என்று இன்றைக்குத்தான் சொல்கிறார். சாப்பிடும்போது வலிக்கிறதா என்றால் அப்படிச் சொல்லத் தெரியவில்லையாம். பஸ் ஸ்டாப்பிலிருந்து வேகமாக நடந்து வந்தால் வலிக்கிறதாம். லிப்டுக்குக் காத்து நின்றால் போய்விடுகிறதாம். இப்படி ஒரு பல் வலி உண்டா?

இன்றைக்கு மத்தியானம் பூசைக்குப் போய்விட்டு வந்தார். நான் உடம்பு சரியில்லை என்று எம்சி எடுத்து வீட்டில் இருந்தேன். கதவைத் திறந்தால் நெற்றியில் சாம்பலோடு நிற்கிறார். அப்படி வேர்த்திருந்தது. சாம்பல் கரைந்து மூக்கு வரைக்கும் வழிந்திருந்தது. "என்னப்பா மழையா?" என்றேன். "வெயில் லா," என்றார். வெளியே மேகமாகத்தான் இருந்தது. சட்டையைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். இரும்புச் சட்டை போட்ட மாதிரி இருக்கிறது என்றார். பிறகு, "இன்னைக்குக் கறி கிடையாது, ஞாபகம் வச்சுக்க," என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

ஆப்பில் பார்த்தேன். எல்லாம் பச்சை. ஆனால் அதில் எது அவர், எது நான் என்று எனக்கே இப்போது பிரிக்கத் தெரியவில்லை.

பல் டாக்டரிடம் கூட்டிப்போகவா? வேறு ஏதாவதா? வாசல் சகோதரிக்குப் போன் செய்யலாமா என்று எண்ணைத் தேடி எடுத்தேன். பல் வலிக்கெல்லாம் மடத்துக்குப் போன் செய்தால் சிரிப்பார்கள் என்று வைத்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். நாளை மறுநாள் உன் கைக்கு வந்துவிடும்.

பதில் போடு.

வேய்ன்

*

பாசிர் ரிஸ்
18 மார்ச் 2025

அக்கா,

பதில் இல்லை. சரி. கடவுளோடு பேசி முடித்தபின் நேரம் இருந்தால் எங்களோடும் பேசு.

பல்லைப் பிடுங்கியாயிற்று. வலி போகவில்லை. டாக்டரிடம் போய்த்தான் ஆக வேண்டும் என்று நான் கத்தினேன். கம்பெனி சொல்லும் கிளினிக்குக்கு என்றால் வருகிறேன் என்றார். வெளியே போனால் கம்பெனிக்குத் தெரிந்துவிடுமாம். இங்கே போனால் மட்டும் தெரியாதா? இங்கே டாக்டர் எழுதுவதே நேராக அங்கேதான் போகிறது.

டாக்டர் சின்னப் பையன், என் வயதுதான் இருக்கும். வெளியே வரிசை நீண்டிருந்தது. "தலை சுத்துது, பல்லு வலி, அவ்வளவுதான்," என்று அப்பா குறைத்துக் குறைத்துச் சொன்னார். டாக்டர் கணினியில் அவர் பெயரைத் தட்டினார். திரையில் அந்தப் பச்சை வந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "வாவ். அங்கிள், யூ ரன் ஆ?" என்றார்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வலது கை மணிக்கட்டில் அந்தப் பட்டையின் தடம்கூட எனக்கு இருந்தது. ஒரே ஒரு வாக்கியம். 'ஓடுறது நான், அவர் இல்ல.' சொன்னால் அந்த நிமிஷமே டாக்டர் அதை எழுதிவிடுவார். கம்பெனி ஒப்பந்தத்தைக் கிழிக்கும். பொய் சொன்னதற்காகத் துரத்தினார்கள் என்று டிப்போ முழுக்கத் தெரியும். அப்பா அதோடு உட்கார்ந்துவிடுவார்.

"எஸ், டாக்டர். எ லிட்டில்," என்றார் அப்பா.

நான் வாயைத் திறக்கவில்லை.

"கீப் இட் அப்," என்று சொல்லி வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். திரும்பி வரும்போது எம்ஆர்டியில் அப்பா, "நல்ல பையன், என்னா?" என்றார். அவருக்கு நிம்மதி அக்கா. நம்பவே முடியாது, அவருக்கு உண்மையாகவே நிம்மதி. ஓடியது யார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் டாக்டர் வாயால் கேட்டதும் நம்பிவிட்டார்.

நான் நம்பவில்லை. அதனால்தான் உன்னிடம் இன்னொரு முறை கேட்கிறேன். நான் சொல்லியிருக்க வேண்டுமா? இப்போது போய்ச் சொல்லவா? உன் ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிறேன். நீ போ என்றால் நாளைக்கே போய்ச் சொல்லிவிடுகிறேன். வேலை போனால் போகட்டும்.

நீ சொன்னால்தான் எனக்குத் தைரியம் வரும். எழுது.

வேய்ன்

*

21 ஏப்ரல் 2025

வேய்ன்,

நேற்று ஈஸ்டர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அலமாரியைத் திறந்து கடிதங்களைக் கொடுத்தார்கள். எனக்கு இரண்டு. இரண்டும் உன் கையெழுத்து. அப்பாவைப் புதைத்து இரண்டு வாரம் ஆகிறது. இப்போதுதான் அவை என் கைக்கு வந்திருக்கின்றன.

அடக்கத்துக்கு மட்டும் என்னை வெளியே விட்டார்கள். சுவா சூ காங் இடுகாட்டில் நான் உன் கையைப் பிடித்தேன். உதறினாய். "எல்லாம் தெரிஞ்சும் சும்மா இருந்தல்ல?" என்றாய். அம்மாவுக்குப் பிறகு அப்பா தனியாக இருந்ததைச் சொல்கிறாய் என்று நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டேன். நீ அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டிருப்பாய்.

எனக்கு ஒன்றும் தெரியாது வேய்ன். நான் படிக்கவில்லை. தவக்காலத்தில் கடிதம் கிடையாது என்று உனக்கு எழுதியிருந்தேன்.

நெற்றியில் சாம்பலோடு அப்பா நின்றார் என்று எழுதியிருக்கிறாய். கறி கிடையாது என்றார் என்று எழுதியிருக்கிறாய். அது சாம்பல் புதன். தவக்காலம் அன்றைக்குத்தான் தொடங்குகிறது. ஞானஸ்நானம் வாங்கி, நற்கருணை வாங்கி, பூசையில் மணியடித்த பையன் நீ. அந்தச் சாம்பலைப் பார்த்துக்கொண்டே, அதைப் பற்றி எழுதிக்கொண்டே, எனக்குப் பதில் போடு என்று எழுதியிருக்கிறாய். எனக்கு உன்னை அறைய வேண்டும் போல இருந்தது. பிறகு என்னை. 'தவக்காலம்' என்று மட்டும் எழுதினேன், தேதி எழுதவில்லை. எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்தேன். இங்கே வந்த பிறகு, இங்கே தெரிவதெல்லாம் வெளியேயும் தெரியும் என்ற நினைப்பு எனக்கு வந்துவிட்டது.

வேகமாக நடந்தால் தாடையில் வலி. நின்றால் போய்விடும். வேர்வை. இரும்புச் சட்டை. வேய்ன், முதல் வருஷ நர்ஸிங் மாணவிகூடச் சொல்லிவிடுவாள். கடிதத்தை வாசித்து முடிப்பதற்குள் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பேன்.

நான் தினமும் மண்டியிடும் இடத்துக்கும் அந்த அலமாரிக்கும் நடுவில் ஒரு சுவர்தான். தவக்காலம் முழுக்க அப்பாவின் உடம்புக்காக வேண்டிக்கொண்டேன். அவருக்கு என் வேண்டுதல் தேவைப்படவில்லை. நான் எழுந்து அந்தப் பக்கம் போய் ஓர் உறையைக் கிழித்திருந்தால் போதும்.

தலைமை அன்னையிடம் நேற்று இதைச் சொன்னேன். அழுதார். "விதி உன்னைக் காயப்படுத்துவதற்காக வைக்கப்பட்டதில்லை," என்றார். அந்தத் தாளில் 'உங்கள் நலனுக்காக' என்று இருந்ததாக எழுதியிருந்தாயே, அதுதான் என் ஞாபகத்துக்கு வந்தது.

எப்படிப் போனார் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. பஸ்ஸில் என்று மட்டும் சொன்னார்கள். நீ சொல்.

லொரைன்

*

பாசிர் ரிஸ்
11 மே 2025

அக்கா,

எனக்குத் தெரியவில்லை. சாம்பலைப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. கோயிலுக்குப் போவதை நிறுத்தி எத்தனையோ வருஷம் ஆகிறது, எது எப்போது என்று யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்? நீ படித்துவிட்டு ஜெபம் செய்துகொண்டிருக்கிறாய் என்று நினைத்துத்தான் இடுகாட்டில் அப்படிக் கேட்டேன்.

எப்படிப் போனார் என்று கேட்டாய். துவாஸில் ஒரு விடுதி வாசல். சாயங்காலம். ஆட்கள் எல்லாரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். முன் இருக்கையில் இராமசாமி என்று ஒருவர், கப்பல் பட்டறையில் வேலை. அவர்தான் எனக்குப் போன் செய்தார். "அண்ணன் ஹேண்ட்பிரேக் போட்டாரு, எஞ்சின ஆஃப் பண்ணாரு, அப்புறம் ஸ்டியரிங் மேல தலைய வச்சாரு. தூங்குறாருன்னு நினைச்சோம். டயர்டா இருப்பாரு, எழுப்ப வேணாம்னு கொஞ்ச நேரம் விட்டுட்டோம்," என்றார். அவர்கள் பாவம். நாள் முழுக்க வெயிலில் நின்றவர்கள், இன்னொருவர் கண்ணை மூடினால் அது அசதி என்றுதான் நினைப்பார்கள்.

அந்த நேரத்தில் நான் ஃபேரர் பார்க்கில் ஓடிக்கொண்டிருந்தேன். வலது கையில் அப்பாவின் கடிகாரம்.

அவர் போன் இப்போது என்னிடம் இருக்கிறது. திறந்து பார்த்தேன். அப்பா செத்துப்போன அந்த நேரத்தில் அவர் இதயம் பிரமாதமாக அடித்துக்கொண்டிருக்கிறது. மேலே ஏறி ஏறிப் போகிறது கோடு. இந்த மாதத்திலேயே சிறந்த ஓட்டம் என்று ஒரு பதக்கம் கொடுத்திருக்கிறது. கீழே மறுநாள் காலையில் ஒரு செய்தி: 'நேற்று அசத்திவிட்டீர்கள், இயேசுதாசன்!'

உன் கடிதம் வந்ததும் அந்தப் போனை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். மனிதவளப் பிரிவு மேலாளர், ஏசி அறை, பின்னால் சுவரில் மாரத்தான் பதக்கங்கள் தொங்குகின்றன. அந்த ஆளும் ஓடுகிறவன்தான், கையில் விலையான கடிகாரம். "பஸ் துவாஸில் நின்றது உங்களுக்குத் தெரியும். அதே நேரத்தில் கடிகாரம் ஃபேரர் பார்க்கில் ஓடியது. வாரக்கணக்கில் இப்படி நடந்திருக்கிறது. ஒரு நாளாவது யாராவது பார்த்தீர்களா?" என்று கேட்டேன். இடம் எல்லாம் எங்களுக்கு வராது, மதிப்பெண் மட்டும்தான் வரும், தனியுரிமையை மதிக்கிறோம் என்றான். வயசான மனுஷன் ஒரே மாதத்தில் சிவப்பிலிருந்து பச்சைக்கு வந்தால் சந்தேகம் வராதா என்றேன். "வீ வேர் ஹேப்பி ஃபார் ஹிம்," என்றான்.

கத்தினேன். காவலாளி வந்து வெளியே கொண்டுவந்து விட்டார். அவருக்கும் எழுபது வயதிருக்கும். அவர் கையிலும் ஒன்று கட்டியிருந்தது.

திட்டத்தை நிறுத்துவார்கள் என்று நினைத்தேன். ஒரு மனுஷன் செத்திருக்கிறான், இதில் என்ன அர்த்தம் இருக்கிறது என்று யாராவது கேட்பார்கள் என்று நினைத்தேன். என்ன செய்தார்கள் தெரியுமா? போன வாரம் எல்லா டிரைவர்களுக்கும் புதுப் பட்டை கொடுத்தார்கள். ஒரு தடவை மாட்டினால் கழற்ற முடியாது. வெட்டினால் தெரிந்துவிடும். குளிக்கும்போதும் அதுதான், தூங்கும்போதும் அதுதான். சின்னத்தம்பி அங்கிளுக்கு ஆறு மாதத் தவணையையும் ரத்து செய்துவிட்டார்கள். பழைய மதிப்பெண்கள் எதையும் நம்ப முடியாதாம்.

அவர் நேற்று புளோக்குக்குக் கீழே திறந்த தளத்தில், வாய்டு டெக்கில், உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்னைப் பார்க்காமலே பேசினார்.

"ஒங்க அப்பா போனாரு, வருத்தம்தான். நீ ஏன்டா போய்ச் சொன்ன?"

"உண்மையச் சொல்ல வேணாமா அங்கிள்?"

"டாக்டர் கேட்டப்ப சொல்லியிருந்தா அது உண்மை. இப்பச் சொன்னது யாருக்கு? எங்க கையில வெலங்கு மாட்டுறதுக்கா?"

எழுந்து போய்விட்டார். அவர் பொண்டாட்டி பூவம்மா ஆன்ட்டி என்னை லிப்டில் பார்த்தால் அடுத்த லிப்டுக்கு நிற்கிறார்.

நான் ஓடுவதை நிறுத்திவிட்டேன். அதீஃப் வீட்டு வாசல் வரைக்கும் வந்து கூப்பிட்டான். ஷூ லேஸ் கட்டும் வரைக்கும் வந்தேன். நெஞ்சு அடிப்பது கேட்டது. அது யாருடையது என்று ஒரு கணம் தெரியவில்லை. கழற்றி வைத்துவிட்டேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இதைக் கேட்காமல் என்னால் படுக்க முடியவில்லை. உன் கடிதத்தில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பேன் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறாய். கூப்பிட்டிருந்தால்? அன்றைக்கு அந்த டாக்டரிடம் நான் வாயைத் திறந்திருந்தால்? பிழைத்திருப்பாரா? இறைவன் சித்தம், அவர் நேரம் வந்துவிட்டது, இதெல்லாம் எனக்கு வேண்டாம். சாவு வீட்டில் பங்குச் சாமியார் முதல் பக்கத்து வீட்டுக்காரன் வரை அதைத்தான் சொன்னார்கள். கன்னியாஸ்திரியிடம் கேட்கவில்லை. நர்ஸிடம் கேட்கிறேன். பொய் சொல்லாதே.

வேய்ன்

*

18 மே 2025

வேய்ன்,

பிழைத்திருப்பார்.

உன் பல் வலிக் கடிதம் வந்த நாளில் என்றால் சந்தேகமே இல்லை. நீ அந்த டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்த நாளிலும் பிழைத்திருப்பார். அந்த மாதிரி வலி, அடைப்பு முழுதாக மூடுவதற்கு முன்னால் வருவது. வாரக்கணக்கில் நமக்கு நேரம் தருவது. கையிலோ தொடையிலோ மெல்லிய குழாயை விட்டு அடைப்பைத் திறந்து ஒரு வலைக்குழாயை வைப்பார்கள். நோயாளி விழித்துக்கொண்டே இருப்பார், நம்மோடு பேசிக்கொண்டே இருப்பார். அப்பா மாதிரி எத்தனையோ பேரை நான் வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன். இரண்டு மூன்று நாளில், காப்பி நன்றாக இல்லை என்று திட்டிக்கொண்டு அவர்களே நடந்து வீட்டுக்குப் போவார்கள். பஸ் ஓட்ட விட்டிருக்க மாட்டார்கள். அவர் சோபாவில் உட்கார்ந்து நம் இரண்டு பேரையும் திட்டிக்கொண்டு இருந்திருப்பார்.

நீ பொய் சொல்லாதே என்று கேட்டாய். இதில் பாதியை மறைத்து எழுதலாமா என்று இரண்டு தாள்களைக் கிழித்துப் போட்டேன். மறைத்தால் நானும் உனக்கு ஒரு பச்சையைக் காட்டியவள் ஆவேன்.

உனக்கு ஆறுதலாக ஏதாவது எழுத வேண்டும் என்று தேடிப் பார்க்கிறேன். கிடைக்கவில்லை. இதைத் தெரிந்துகொண்டு உயிரோடு இருக்க வேண்டியவர்கள் நாம் இரண்டு பேர் என்பதைத் தவிர வேறு எதுவும் என்னிடம் இல்லை. உன்னை நான் மன்னிக்கிறேனா என்று எனக்குத் தெரியவில்லை. என்னை நீ மன்னித்தாயா என்று நான் கேட்கவில்லை.

ஜெபத்துக்கு மணி அடித்து வெகுநேரம் ஆகிறது. எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். பாடுவது இங்கே கேட்கிறது. நான் எழுந்திருக்கவில்லை.

லொரைன்